மூன்று விதமாகக் கேட்ட லெயோபார்தோ

பின்னணிக் குரல்காரர் என்றொரு ஜீவராசி உண்டு. முகம் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் மட்டும் மெக்சிகோ நகரமே நடுத்தெருவில் நின்றுவிடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தான் அமுக்கிப் பிழைக்கிறவன் நான். என்னை நம்புங்கள், இவர்களோடு குப்பை கொட்டுவது லேசான காரியமல்ல.

எங்கள் லெயோபார்தோவையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட்டூனில் வரும் பொல்லாத அணில் ஒன்றுக்கு இவர்தான் குரல். டாக்கோ கடையில் வரிசையைத் தாண்ட அணில், போக்குவரத்துப் போலீசிடம் கெஞ்ச அணில், ஞானஸ்நான விருந்தில் குழந்தை அழுதால் அணில், அழாமல் தூங்கினால் அதை எழுப்பிச் சிரிக்க வைக்கவும் அணில்! ஐஸ் போட்ட பானத்தை நீட்டினால் விஷம் கொடுத்தது போலப் பார்ப்பார். பல் வைத்தியரிடம் போனாலாவது சும்மா இருப்பாரா?

"டாக்டர், இந்த 'ஆ' கொஞ்சம் தட்டையா வந்துடுச்சு. இன்னொரு தடவை குடையுங்க!"

மைக் முன்னால் ஒரே வசனத்தை மூன்று விதமாகச் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் பார்த்து "எது வேணும்?" என்று கேட்பது இவர்கள் வழக்கம். கூடத்தில் சரி. காய்கறிக் கடையில் அரைக் கிலோ வெங்காயத்தை வீரமாக, குறும்பாக, விம்மலாகக் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார், பாவம்?

இப்படிப்பட்டவருக்குக் காதல் வந்தது. மருந்துக்கடை ஒத்திலியா. இருமல் மருந்து வாங்கப் போனவர், இருமல் நின்ற பிறகும் போய்க்கொண்டே இருந்தார். அவளோ மொன்டெர்ரேயில் இருக்கும் அக்காவிடம் குடிபோக மூட்டை கட்டிவிட்டாள். இவர் கேட்டால் நிற்பாள், கேட்காவிட்டால் திங்கட்கிழமை பஸ். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு, தைரியத்துக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ஒத்திலியா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்றார், கதாநாயகக் குரலில். அவள் கண் கலங்கிவிட்டது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அதே கேள்வி அணில் குரலில் வந்தது. அடுத்து, விம்மி விம்மி. பிறகு மனிதர் என் பக்கம் திரும்பி, "எது வேணும்?" என்றார்!

ஒத்திலியா எழுந்தேவிட்டாள். "நீ கட்டிக்கப்போறது என்னையா, அவரையா?"

"உன்னைத்தான்! மூணுல எது பிடிச்சுதோ அதை எடுத்துக்கோயேன்."

"மூணும் வேணாம். உன் சொந்தக் குரல்ல கேளு, சரிங்கறேன். இல்லேன்னா நாளைக்கு பஸ் ஏறிடுவேன்."

வாயைத் திறந்தார், வில்லன் வந்தான். மூடித் திறந்தார், ஒரு கிழவி, ஒரு நாய், கடைசியில் விமான நிலைய அறிவிப்பு. வியர்த்துக் கொட்டியது. எனக்கே அழுகை வந்துவிட்டது.

"ஒத்திலியா... அது எதுன்னு எனக்கே தெரியல. போகாதே" என்றார், கரகரவென்று, உடைந்து, எந்தக் கூடத்திலும் சல்லிக்காசுக்கு எடுக்காத ஒரு குரலில்.

அவள் உட்கார்ந்தாள். "இதேதான். சரி."

"இல்ல இல்ல, இதைவிட நல்லா சொல்லுவேன், இன்னொரு தடவை—"

கையிலிருந்த சுர்ரோ பலகாரத்தை அவர் வாயில் திணித்துவிட்டாள்.

சிரிக்கிறீர்களா? மேலதிகாரி கூப்பிட்டால் ஒரு குரல், வீட்டில் ஒரு குரல், சம்பந்தியிடம் ஒரு குரல் என்று வைத்திருக்கிறீர்களே, அதற்கெல்லாம் யார் பொத்தான் அமுக்குகிறார்கள்? போகட்டும், இந்த வரியைக் கொஞ்சம் உரக்கப் படியுங்கள் பார்ப்போம். யாருடைய குரல் அது?