இன்னும் தண்டவாளம் போடவில்லை

ஊர்ச் சரித்திரக்காரர் என்றோர் இனம் நம் டெல்டாவில் உண்டு. ரயில் எப்போது வரும் என்று கேட்டால், அது எப்படி வந்தது என்று சொல்வார்.

ரெமிஜியஸைப் பாருங்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில் மாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். கழிச்சலுக்கு மருந்து கேட்டு வருகிறவரை உட்காரவைத்து, நம்மூர் ரயில் பாதை ஒரு காலத்தில் வாய்க்காலாக இருந்ததில் தொடங்கி, அதில் நெல் ஏற்றிய படகுகள் போனது, வேறு வாய்க்கால் வெட்டியதும் அது தூர்ந்து போனது, நிலம் வாங்கும் தொல்லையே இல்லாமல் வெள்ளைக்காரன் அந்தக் கரைமேலேயே தண்டவாளம் போட்டது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மாடு தானாகவே தேறிவிடும். தேறாத மாடும் உண்டு.

தொண்ணூறுகளில், ஊரில் பாதிப்பேர் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்த சமயம், அவர் மகள் அருள்ஜோதிக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போவது அதுதான் முதல் தடவை. நெற்றியில் சிலுவை வரைந்து, பத்திரமாக இரு என்று சொல்லி அனுப்ப வேண்டுமென்று காலையிலிருந்தே மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில், துபாய்க்குக் கிளம்பிய ஹஸ்ஸான் என்ற இளைஞன் தெரியாத்தனமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டான்.

"சுத்தி எல்லாம் வயலாத்தானே கெடக்கு, தண்டவாளம் மட்டும் ஏன் சார் இப்படி வளையுது?"

இப்படி ஒருவன் கேட்க மாட்டானா என்று எத்தனை வருஷமாக ஏங்கியிருப்பார்?

"வாய்க்கால் வளைஞ்சுது தம்பி, ரயிலும் வளையுது" என்று அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். வண்டி வந்து நின்றது. அவர் மனைவி அருள்மேரி மகளை ஏற்றிவிட்டு, பெட்டியையும் ஏற்றிவிட்டு அவரைத் தேடி வந்தாள்.

"என்னங்க, வண்டி கெளம்பப் போவுது."

"இரு அருள்மேரி, இன்னும் தண்டவாளமே போடல."

ஹஸ்ஸான் கையை உதறிக்கொண்டு ஓடி, நகர்ந்த வண்டியில் தொற்றிக்கொண்டான். அப்போதுதான் ரெமிஜியஸ் திரும்பிப் பார்த்தார். ஓடினார். ஜன்னலுக்கு வெளியே நீண்ட மகளின் கை எட்டவில்லை.

"ஓடாதீங்கப்பா, விழுந்துடப் போறீங்க."

வண்டி வளைவில் திரும்பி மறைந்தது. அந்த வளைவின்மேல் அவருக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது.

சில நாள் கழித்து, பக்கத்து உபைதுல்லா கடைக்குக் குவைத்திலிருந்து போன் வந்தது. ஊரையே பேசித் தீர்த்த மனிதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சாப்ட்டியாம்மா?"

ரிசீவரை மனைவியிடம் நீட்டினார். அருள்மேரி வாங்கிப் பேசினாள். அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களுக்கு உடனுக்குடன் மருந்து கிடைத்தது.

சிரிக்காதீர்கள். உங்களிடம் ரயில் பாதை இல்லாமல் இருக்கலாம். கிரிக்கெட் இருக்கும், அரசியல் இருக்கும், வேலைக்குச் சேர்ந்த கதை இருக்கும். நேற்றுச் சாயங்காலம் உங்கள் மகள் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாளே, என்ன சொல்ல வந்தாள்?