எச்சில்தட்டு சிஸ்டர்

நாடியைவிட எச்சில் தட்டை அதிகம் நம்பிய நர்ஸ் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அறுபதுகளின் கடைசியில், தர்மபுரிப் பக்கம் நான் சின்ன டாக்டராக இருந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு 'எச்சில்தட்டு சிஸ்டர்' என்றே பெயர். சாப்பாடு முடிந்ததும் வார்டில் ஒரு தட்டு விடாமல் எட்டிப் பார்ப்பார். யார் எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று கேஸ் ஷீட்டில் காய்ச்சலுக்குப் பக்கத்திலேயே எழுதுவார். 'அரை ரொட்டி மீதி. முகத்தில் சுரத்தில்லை.'

பெரிய டாக்டருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "இது ஆஸ்பத்திரியா, கல்யாணப் பந்தியா சிஸ்டர்? சோறு சமையல்காரர் பாடு. நமக்கு மருந்து." பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுவேன். படித்த திமிர்.

அந்தச் சமயம் நல்லம்பள்ளியிலிருந்து ஒரு விவசாயி வந்து சேர்ந்தார். ஏர்க்கொழு கிழித்த கால். ஊசி மேல் ஊசி போட்டும் புண் மூடவில்லை, ஆளும் துரும்பாகிவிட்டார். காலை எடுக்க வேண்டியதுதான் என்றார் பெரிய டாக்டர்.

"புண்ணைப் பாத்தீங்க டாக்டர். தலகாணிய பாத்தீங்களா?" என்று சிஸ்டர் அதைத் தூக்கினார். அடியில் ஒரு வாரத்து ரொட்டி, செங்கல் அடுக்கியது போல. காலித் தட்டைப் பார்த்து சிஸ்டரே அத்தனை நாள் ஏமாந்திருந்தார்; அன்று காலை படுக்கையை உதறும்போதுதான் தெரிந்ததாம். அந்தக் கோபம் வேறு.

"ஏங்க திங்கல?"

"எங்கூர்ல சாவக் கெடக்கறவங்களுக்குத்தான் ரொட்டி வாங்கியாருவாங்க. ரெண்டு பேரு தின்னாங்க. ரெண்டு பேருமே போயிட்டாங்க சிஸ்டர்."

"வூட்ல என்ன திம்பீங்க?"

"களிங்க."

சிஸ்டர் மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார். "எழுதுங்க. டாக்டர் எழுதுனாத்தான் சமையக்காரர் கிண்டுவாரு."

பெரிய டாக்டர் முறைத்தார். நான் அவர் பக்கம் பார்க்காமல் சீட்டை வாங்கினேன். பென்சிலினுக்குக் கீழே எழுதினேன்: ராகிக் களி, கீரைக் குழம்பு, முட்டை, இரண்டு வேளை.

"ஒரு வாரம்தான் டயம்" என்று சொல்லிவிட்டுப் போனார் பெரிய டாக்டர்.

ஒரு வாரத்தில் புண்ணில் சிவப்பாகப் புதுச்சதை தெரிந்தது. அடுத்த வாரம் நோயாளி மூன்றாவது உருண்டை கேட்டார். பெரிய டாக்டரும் ரவுண்ட்ஸில் யாரும் பார்க்காதபோது தட்டுகளை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

ஊருக்குக் கிளம்பும் அன்று விவசாயி இரண்டு காலாலும் நடந்து வந்து சிஸ்டர் எதிரே நின்றார். "நீங்க சாப்டீங்களா சிஸ்டர்?"

மணி மூன்று. வார்டு முழுக்கத் தட்டுப் பார்த்த சிஸ்டரை அதுவரை எங்களில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "இனிமேத்தான்" என்று அவர் அடுத்த தட்டை எட்டிப் பார்க்கப் போனார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. சமையலறைக்கு ஓடி ஒரு தட்டில் களி வாங்கி வந்து, அவர் கடைசி வாய் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு தட்டை எட்டிப் பார்த்தேன். மிச்சமில்லை.

பெற்ற அம்மாவுக்குக்கூட நான் அப்படி நின்று பார்த்ததில்லை.