சாக்ஸ் சாரும் ஏழாம் நம்பர் பூனையும்

தெள்ளுப்பூச்சி கடித்தால் நீங்களும் நானும் சொறிந்துகொள்வோம். சந்தோஷப்படுகிற மனிதர் இந்தக் கொல்கத்தாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் பார்த்துப் பார்த்து எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில்தான் குடியிருந்தார்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. கரியாஹாட் பக்கத்தில் இருக்கும் எங்கள் கட்டடத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் வரை கால்பந்துக்காரர்கள் போடும் வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டு நடப்பார். அதனால் சாக்ஸ் சார். கால்பந்து என்றால் உயிரை விடுகிற ஊர் இது. தெருவில் நிறுத்தி, "எந்த கிளப், தாதா?" என்று அண்ணன் முறை வைத்து மரியாதையாக விசாரிப்பார்கள். இவர் "தெள்ளுப்பூச்சி" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு நடப்பார்.

ஒரு அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எந்தப் பூச்சி எந்தப் பிராணியின் மேல் குடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். மீன் மார்க்கெட்டில் எல்லோரும் மீனை முகர்ந்து பேரம் பேசுவார்கள். இவர் கடைக்கு அடியில் படுத்திருக்கும் பூனையைத் தூக்கி மடியில் வைத்து, வெள்ளைத் துண்டு விரித்து, பேன் சீப்பால் சீவ ஆரம்பிப்பார். பெற்ற பெண்ணுக்குக்கூட அவ்வளவு பொறுமையாகத் தலை வாரிவிட மாட்டார்கள். பூனைகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான்.

ஒருமுறை சாப்பிடக் கூப்பிட்டோம். செருப்பைக் கழற்றி, பையிலிருந்து புது சாக்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, ஹாலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு குனிந்து கால்களைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஒண்ணுகூட ஏறலையே. ரொம்பச் சுத்தமான வீடா வச்சிருக்கீய" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

கால் நடமாட்டம் தெரிந்தால் பூச்சி தாவி ஏறுமாம். வெள்ளையில் பளிச்சென்று தெரியுமாம். என் மனைவி சுகந்திக்குப் பெருமைப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று புரியவில்லை. ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இரண்டு வருஷம் முன்பு மே மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தோம். வாசலில் காளு வாலாட்டினான். மாடிப்படியில் படுத்துக்கொண்டு, சுகந்தி கையால் தயிர்சாதம் சாப்பிட்டு வளர்ந்த தெருநாய் அவன். உள்ளே நாலடி வைத்திருப்போம். எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி தரையெல்லாம் தெள்ளுப்பூச்சி வெடித்துத் தெறித்தது. பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தோம்.

சத்தம் கேட்டு வந்த கட்டடத்துச் செக்ரட்டரி பாபு ஒரே நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எல்லாம் இந்த நாயால் வந்தது. சாயங்காலமே நாய் பிடிக்கிற வண்டி வரும், ஹவுராவைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சுகந்தி காளுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாக்ஸ் சார் கல்யாண வீட்டுக்கு வருகிறவர் மாதிரி இறங்கி வந்தார். உள்ளே போனார். வெள்ளை சாக்ஸ் எள்ளுருண்டை நிறத்துக்கு மாறியது.

"எம்மா! எவ்வளவு பசி பாவம்! கூட்டுக்குள்ள காத்துக்கிட்டே கிடந்திருக்கு சார். உங்க காலடி அதிர்வு கேட்டதும் மொத்தமா முழிச்சிருச்சு!"

நாலைந்தை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். பிறகு காளுவைச் சீவி அவனுடையதையும் பார்த்தார்.

"இவன் மேல உள்ளது வேற சாதி. நெத்தியே வேற. வீட்டுக்குள்ள இருக்கது பூனைப்பூச்சி. காளு மேல குத்தம் இல்ல."

"பூட்டிய வீட்டில் பூனை எங்கிருந்து வந்தது?" என்றார் பாபு.

தேடினோம். பால்கனிக் கதவின் கொண்டி விழுந்திருக்கவில்லை. (யார் போடவில்லை என்ற விசாரணை எங்கள் வீட்டில் இன்னும் நடக்கிறது.) திவானுக்கு அடியில் பழைய ரஜாய், குளிருக்குப் போர்த்துகிற பஞ்சுப் போர்வை. அதில் பூனை குட்டி போட்டுவிட்டுப் போன அடையாளம், ஆரஞ்சும் வெள்ளையுமாக முடி. சாக்ஸ் சார் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"இது ஏழாம் நம்பர். ஆராய்ச்சிக்காக மீன் போட்டுப் போட்டு இந்தக் கட்டடத்துக்குப் பழக்கினது நான்தான். வண்டி வந்தா என்னைய ஏத்துங்க" என்றார்.

பாபுவுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்தது. "பூனையும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்! வீட்டைக் காலி பண்ணுங்கள்!" என்று விருட்டென்று திரும்பினார்.

"பாபு, நகராதீங்க!" என்று சாக்ஸ் சார் கத்தினார்.

மண்டியிட்டு, பாபுவின் வேட்டிக் கரையிலிருந்து ஒவ்வொரு பூச்சியாகப் பொறுக்க ஆரம்பித்தார். பாபு குனிந்து பார்த்தார். வீட்டில் அவருடைய மாமியார் வந்திருந்தார். அந்த அம்மாளின் படுக்கை வரை இது போயிருந்தால் ஹவுரா வண்டியில் ஏறுவது யார் என்று அவருக்கும் தெரியும். கடைசிப் பூச்சி போகும்வரை சிலை மாதிரி நின்றார். பிறகு போனை எடுத்து வண்டியை வேண்டாம் என்றார். யாரும் காலி பண்ண வேண்டாம். பூனைக்கு மருந்து போட வேண்டும், எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். சுகந்தி காளுவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

போன வருஷம் சாக்ஸ் சார் ஓய்வு பெற்று, ஏழாம் நம்பரோடு திருநெல்வேலிக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு ஜோடி சாக்ஸ் கொடுத்தார்.

இந்த மே மாதம் ஊரிலிருந்து வந்ததும் அதை மாட்டிக்கொண்டு நான் முதலில் உள்ளே போனேன். சுகந்தியும் காளுவும் படியில் காத்திருந்தார்கள்.

"ஏதாவது ஏறுச்சா?"

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"சார் இருந்தா வருத்தப்பட்டிருப்பாரு" என்றாள்.

எனக்கும் அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. சாக்ஸைக் கழற்றாமல் ஹாலை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.