மெல்போர்ன் பெட்டியும் டோக்கியோ பெட்டியும்

கோவில்பட்டி,
12.3.2004, வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய தாய்மாமா நந்தகோபால் அவர்களுக்கு, உங்கள் மருமகள் உமாதேவி வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், தங்கச்சி முத்துச்செல்வி, இரண்டு ஆடுகள் எல்லாரும் சுகம். புதியம்புத்தூரில் நீங்களும் கோமதியம்மாள் அத்தையும் நான்கு தையல் மிஷின்களும் ஒரு குறையும் இல்லாமல் ஓட கழுகுமலை முருகன் துணையிருக்கட்டும்.

நான் கடிதம் எழுதுவது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். உங்கள் முன்னால் நின்று இதுவரை நான் பேசியதையெல்லாம் சேர்த்தால் இருபது வார்த்தை தேறும், அதில் பாதி "காப்பி வேணுமா மாமா". வாயில் வராதது கையில் வருகிறது, அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்கு இது தெரியாது.

விஷயம் இதுதான். பங்குனி உத்திரத்தன்று கழுகுமலையில் முத்துச்செல்விக்கு மொட்டை எடுத்துக் காது குத்த வேண்டும். மூன்று வயது முடிந்துவிட்டது, இனியும் தள்ள முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடி புதியம்புத்தூரில் இருக்கிறது, நம் வீட்டுக்கு வந்து மூன்றரை வருடம் ஆகிறது. அப்பா யோசித்து யோசித்து, "பக்கத்து வீட்டுத் திருப்பதி அண்ணாச்சி மடில வச்சுக் குத்திருவோமா, அவரும் நல்ல மனுசன்தான்" என்றார். அம்மா மாவாட்டுவதை நிறுத்திவிட்டு, "எங்கண்ணன் மடி இல்லன்னா பிள்ளைக்கிக் காது அப்படியே மூடிக் கெடக்கட்டும், கம்மல நீங்க போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆட்ட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு நான்கு நாள் வீட்டில் இட்லிதான், பேச்சு இல்லை.

நீங்கள் கோபித்துக்கொண்டு போன அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சிட்னி ஒலிம்பிக் ஹாக்கியில் போலந்துக்காரன் கடைசி நிமிடங்களில் கோல் போட்டுச் சமன் செய்ய, நம் ஆட்கள் அரையிறுதிக்குப் போகாமல் வெளியே வந்தார்கள். தெருவே எழவு வீடு போல இருந்தது. துக்கம் தாங்காமல் நீங்களும் அப்பாவும் நாம் பழைய ஒலிம்பிக்கில் வாங்கிய தங்கத்தை எல்லாம் பேச ஆரம்பித்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா, "டோக்கியோல பாகிஸ்தான ஒன்னுக்கு சைபர்னு கவுத்தோமே மச்சான், அதாம்லே பைனல்" என்றார். நீங்கள், "அது டோக்கியோ இல்ல மாப்ள, மெல்போர்ன்" என்றீர்கள். "டோக்கியோ." "மெல்போர்ன்." "நீ கோல்கீப்பரா நின்னப்பவே பந்து போன பொறவுதான பாப்ப, ஒனக்கு என்னத்தத் தெரியும்" என்று அப்பா சொன்னதுதான் தாமதம், நீங்கள் எழுந்து, "பொய்க்கணக்கு சொல்லுத வீட்ல நான் காப்பி குடிக்க மாட்டேன்" என்று தம்ளரை வைத்துவிட்டுப் போனீர்கள். முத்துச்செல்வி அப்போது அம்மா வயிற்றில். தீபாவளிக்குத் தீபாவளி நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பும் கவுன் எல்லாம், பிள்ளையைப் பார்க்காமலே தைப்பதால், ஆறு வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும் போல் வருகிறது. அம்மா ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, மடித்துப் பெட்டியில் வைக்கிறாள்.

மாமா, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மெல்போர்ன் நடந்தபோது நீங்களும் பிறக்கவில்லை, அப்பாவும் பிறக்கவில்லை. டோக்கியோ நடந்தபோது உங்கள் இரண்டு பேருக்கும் பால்பல்கூட விழுந்திருக்காது. பார்க்காத ஆட்டத்துக்கு இவ்வளவு சண்டை என்றால் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும். நான்தான் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எட்டாவதோடு நின்றவள்தான், ஆனாலும் கணக்கில் எனக்கு நல்ல மார்க் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் சனிக்கிழமை வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். நேரே நூலகத்துக்குப் போனேன். அங்கே காமராஜ் என்று ஒரு அண்ணாச்சி இருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள், "சமையல் பொஸ்தகம் மூணாவது அலமாரி தாயி" என்றார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு சமையல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் அதேபோல இன்னொன்று. அந்த இரண்டு வாரமும் நம் வீட்டில் பைனாப்பிள் கேசரி, வாழைப்பூ வடை என்று கிண்டியதில் அப்பா, "இவளுக்கு மாப்பிள பாக்கச் சொல்லி நெனப்பூட்டுதாளோ" என்று அம்மாவிடம் கேட்டாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்றாவது வாரம் ஒரு தீப்பெட்டி லேபிளின் பின்பக்கத்தில் "ஒலிம்பிக் ஹாக்கி, ஆரம்பத்திலிருந்து" என்று எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டுத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்லலாம்லா தாயி, நானே லெப்ட் அவுட்டு ஆடுனவன்தான்" என்று சொல்லி, நான்கு பழைய ஆண்டுப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

மாமா, அதெல்லாம் படிக்கப் படிக்க எனக்குப் புல்லரித்தது. 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் நம்மவர்கள் போட்டது இருபத்தொன்பது கோல், வாங்கியது ஒன்றுகூட இல்லை. 32-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காக்காரனை இருபத்து நான்குக்கு ஒன்று என்று அடித்திருக்கிறார்கள். அந்த ஒன்றை அவன் எப்படிப் போட்டான் என்றுதான் யோசித்துக்கொண்டே இருந்தேன். 36-ல் பெர்லினில் முப்பத்தெட்டு போட்டு ஒன்றே ஒன்று வாங்கினார்கள். நோட்டில் எழுதினால் அப்பா படிக்க மாட்டார், கண்ணாடி இல்லை என்பார். அதனால் எனக்குத் தெரிந்த விதத்தில் கணக்கை வைத்தேன். ஒரு ஒலிம்பிக்குக்கு ஒரு தீப்பெட்டி. நாம் போட்ட கோலுக்கு மருந்தில் முக்கியெடுத்த சிவப்புத் தலைக் குச்சி, வாங்கிய கோலுக்கு வெறுங்குச்சி. மேலே ஊர் பெயர். பெட்டிக்குப் பெட்டி எப்படிச் சிவப்புத் தலை குறைந்து வெள்ளைக் குச்சி கூடுகிறது என்று வரிசையாகத் திறந்து பார்த்தாலே போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம். உங்கள் சண்டைக்காக மட்டும், இறுதி ஆட்டத்துக்கென்று மூன்று பெட்டி தனியாக வைத்தேன். மெல்போர்ன், ரோம், டோக்கியோ. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குச்சி.

அப்பாவை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நல்ல மனதாக இருக்கும்போது உட்கார வைத்தேன். மாசியில் காட்டு வேலை முடிந்துவிட்டதால் அவரும் சும்மாதான் இருந்தார். முதலில் டோக்கியோவைத் திறந்தார். முழுப்பெட்டி. ஐம்பது குச்சி, அத்தனையும் சிவப்புத் தலை. மெல்போர்னைத் திறந்தார், ஐம்பது. ரோமில் நாம் தோற்றோம், அதிலும் ஐம்பது. அப்பா என்னைப் பார்த்து, "ஏட்டி, பாகிஸ்தான அம்பதுக்கு சைபர்னா அடிச்சோம்? அவனுவ எல்லாரும் தூங்கிட்டானுவளா?" என்றார். நான் எழுந்துபோய் மற்றதையும் திறந்து பார்த்தேன். அலமாரியில் இருந்த எல்லாப் பெட்டியும் ஐம்பது. கணக்கில் இந்தியா ஒரு ஒலிம்பிக்கிலும் தோற்கவே இல்லை.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "நாந்தான் அடைச்சு வச்சேன்" என்றாள். பதினாறு வருடம் பெட்டி அடைத்த கை, மாமா. குறைப்பெட்டியைக் கண்டால் அதற்குப் பொறுக்காது. "ஒத்தக் குச்சியப் போட்டுப் பெட்டிய மூடி வச்சிருக்கா, யாராச்சும் பாத்தா எம்மகளுக்கு வேல தெரியலன்னுல்லா சொல்லுவாவ" என்றாள். உங்களுக்கே தெரியும், கண்ணை மூடிக்கொண்டு அள்ளினாலும் அம்மா கைக்கு ஐம்பதுதான் வரும். பெட்டிகளில் இருந்த வெறுங்குச்சியை எல்லாம் கழிவு என்று பொறுக்கி எறிந்துவிட்டாள். எழுபத்தாறில் நாம் ஏழாவதாக வந்த மான்ட்ரியலுக்கும் தங்கம்தான்.

அப்பா சிரித்தார். சிட்னிக்குப் பிறகு ஹாக்கிப் பேச்சில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். நான் நோட்டை வைத்து அவருக்கு முன்னாலேயே திரும்ப எண்ணிப் போட்டேன். மெல்போர்ன், ஒரு சிவப்பு. நாம் ஒன்று, பாகிஸ்தான் சைபர். ரோம், ஒரு வெள்ளை. பாகிஸ்தான் ஒன்று, நாம் சைபர். டோக்கியோ, ஒரு சிவப்பு. நாம் ஒன்று, பாகிஸ்தான் சைபர். அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக், அதே இரண்டு பேர், அதே ஒற்றைக் கோல். நீங்கள் சொன்னதும் சரி மாமா, அப்பா சொன்னதும் சரி. யார் சொன்னதும் தப்பில்லாத ஒரு விஷயத்துக்குத்தான் மூன்றரை வருடம் நம் வீட்டுக்கு வராமல் இருக்கிறீர்கள்.

அப்பா மூன்று பெட்டியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் சொன்னது சரிதான்" என்றார். நான் மெல்போர்ன் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். அதைத் திறந்து மூடிவிட்டு, "அவன் சொன்னது சரின்னு நான் சொல்லல. கணக்கு சொல்லுது" என்றார். மாமா, அப்பா வாயிலிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இதுவே பெரிது.

ஆகவே, இதில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, பொய் சொல்லவும் தேவையில்லை. உள்ளதை உள்ளபடி எண்ணிப் பார்த்தால் சண்டைக்கு இடமே இல்லை என்று இந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டேன். நீங்கள் உத்திரத்துக்கு முந்தின நாளே வந்துவிட வேண்டும். முத்துச்செல்வி புது ஆளிடம் போகாது, ஒரு ராத்திரியாவது உங்களிடம் பழக வேண்டும். கோமதி அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் இரண்டு பேருக்கும் நூறு வயதும், அறுந்துபோகாத நூலும் கிடைக்க வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உங்கள் மருமகள்,
செ. உமாதேவி

பி.கு.: கடிதத்தை மடிக்கும் முன் அப்பா பார்த்துவிட்டார். திட்டவில்லை. முழுவதும் படித்தார், கண்ணாடி இல்லாமலே. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "தபால்ல போட்டா நாலு நாளாகும், நானே கொண்டுபோயிக் குடுத்துட்டு அவனக் கையோட கூப்பிட்டு வாரேன்" என்றார். ஆகையால் இதை நீங்கள் படிக்கும்போது அவர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். வாசலில் செருப்பை மாட்டும்போது இன்னொன்றும் சொன்னார்: "ஒலிம்பிக் முடிஞ்சிட்டு. எழுபத்தஞ்சுல ஒலகக் கோப்பைய ஹாலந்துலதான ஜெயிச்சோம், அத ஒத்துக்கிடுதானான்னு கேக்கணும்." அவர் பஸ்ஸுக்குச் சில்லறை தேடி எடுப்பதற்குள் இதையும் எழுதி உறையை ஒட்டிவிடுகிறேன். மாமா, நான் புத்தகத்தில் பார்த்துவிட்டேன். எழுபத்து மூன்றில் ஹாலந்தில் நாம் தோற்றோம். எழுபத்தைந்தில் ஜெயித்தது கோலாலம்பூரில். உங்களுக்கும் இது தெரியும் என்று எனக்குத் தெரியும். காது குத்தி முடிகிற வரைக்கும் தயவுசெய்து ஹாலந்து என்றே சொல்லுங்கள்.