மெழுகுவத்திக்காரரும் எண்பது சட்டைகளும்

கள்ளக்குறிச்சியில் அவர் எதிரில் இருமத் துணிந்தவர் யாருமில்லை. இருமினால் டப்பியோடு வந்து நிற்பார். கல்வராயன் மலையிலிருந்து தேன் விற்க வந்தவரையும் விடவில்லை.

"நல்லா காறித் துப்புங்க, வெக்கப்படாதீங்க!"

என் கடைக்கு அடுத்த லேப் அவருடையது. தினமும் மெழுகுவத்தி வாங்குவதால் மெழுகுவத்திக்காரர். சளியிலிருந்து நிமோனியாக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டை ஒரு பிஸ்கட் பாட்டிலுக்குள் வைத்து, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி, மூடியை இறுக்கிவிடுவார்.

"இந்த நிமோனியாப் பூச்சி ஒண்ணுதான் பாய். மேல போட்டுக்கினு இருக்கிற சட்டைதான் எண்பது தினுசுக்கு மேல. ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு சீரம், ரத்தத்துலேர்ந்து எடுக்கிற தண்ணி; சரியானத வுட்டா அந்தச் சட்டை மட்டும் உப்பிக் காட்டும். செத்த பூச்சிகிட்டேர்ந்து சட்டை தைக்கிற வித்தைய உசுரோட இருக்கிறது எடுத்துக்கும், தெரியுமா?"

"வியாபாரத்தைப் பாக்க வுடுங்க சார்!"

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்த நேரம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதே ஊர்ப் பேச்சு. அந்த வாரம்தான் என் மகள் ஷமீமுக்கு நிமோனியா. பெனிசிலின் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று சளியைச் சோதித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். அதற்குப் புதுச்சேரிப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. ஷமீமின் சளியை டப்பியில் பிடித்துக்கொண்டு அடுத்த லேப்புக்கே ஓடினேன்.

மெழுகுவத்திக்காரர் சளியைத் தட்டில் தடவி, எரியும் மெழுகுவத்தியோடு பாட்டிலுக்குள் மூடிவிட்டு, சீரம் கெடாமலிருக்க ஐஸ் தேடிப் போனார். நானும் மனைவியும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுடர் மினுங்கி அணைந்தது.

"யா அல்லா! புள்ளைக்காக ஏத்துனதாச்சே!"

மனைவி மூடியைத் திறந்து மறுபடி ஏற்றினாள். மூடியதும் அணைந்தது. அடுத்த முறை ஏற்றிவிட்டு மூடியைத் திறந்தே வைத்தாள்.

திரும்பி வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "யம்மா, அது அணையணும்னுதாம்மா வெச்சேன்! அணைஞ்சப்புறம் உள்ள நிக்கிற கரிக்காத்துலதான் பூச்சி நல்லா வளரும்!"

மறுநாள் தட்டில் பூச்சி ஊசிமுனை அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. எந்தச் சட்டை என்று பார்க்கலாம், அல்லது எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கலாம், இரண்டுக்கும் போதாது. சீரக் குப்பிகளை ஏக்கத்தோடு பார்த்தவர், பெட்டியை மூடி மருந்துச் சோதனையைத் தொடங்கினார். முடிவு தெரியும்வரை நான் லேப் வாசலைவிட்டு நகரவில்லை.

"பெனிசிலினுக்கே சாவுது பாய்! மாத்தாம போட்டுக்கினே இருக்கச் சொல்லுங்க."

போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது.

"அது எந்தச் சட்டை சார்?" என்று பிறகு கேட்டேன்.

"மிச்சப் பூச்சி செத்துப்போச்சு. எந்தச் சட்டையா இருந்தா இன்னா? போய் புள்ளயப் பாருங்க."

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. இன்றும் ஷமீம் இருமினால், டப்பியோடு அவர் வந்துவிடமாட்டாரா என்று வாசலைப் பார்க்கிறேன்.