ஓசூர்த் துறைமுகம்

கடலே இல்லாத ஊரில், மழை வருகிறது என்று துறைமுகத்தை இழுத்து மூடியவர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் கப்பல் பாய். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்த பயணிகளில் நானும் ஒருவன்.

எண்பதுகளில் ஓசூரில் நாளொரு தொழிற்சாலை முளைத்துக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து நான், திருநெல்வேலியிலிருந்து சுடலைமுத்து, உள்ளூர்க் கன்னடக்காரன் நாராயணப்பா, மூவரும் ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட். கம்பெனி வாசலுக்கு எதிரே மெஸ் நடத்தியவர்தான் பாய். அதற்கு முன்னால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த உல்லாசக் கப்பல் ஒன்றில் பதினோரு வருஷம் சமையல்காரர். கப்பல் வேலையை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரியில் பெண் எடுத்தார். பெண்ணோடு ஒரு மச்சானும், மச்சானோடு ஒரு வேனும் வந்து சேர்ந்தன.

வேன் மச்சானுடையது. ஓட்டிப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்திருந்தார். பாய் அதில் 'ஒகேனக்கல் உல்லாசப் பயணம், ஞாயிறுதோறும்' என்று எழுதிப் போட்டார். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கதவருகே நின்று ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுத்தான் ஏற்றுவார். சீட்டுக்கு அடியில் ஆளுக்கொரு லாரி டியூப்.

"டியூப் எதுக்கு பாய்? ராயக்கோட்டை ரோட்டுல முங்கிருவோமா?" என்று சுடலைமுத்து கேட்டான்.

"முங்கறவன் சொல்லிட்டா தம்பி முங்கறான்? பேசாம உக்காரு."

உட்கார்ந்தோம். உட்கார்ந்ததோடு சரி. ஏனென்றால் வண்டி கிளம்பாது. தூறல் விழுந்தால் கிளம்பாது. மேகம் கறுத்தால் கிளம்பாது. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அன்றைக்கும் கிளம்பாது. காரணம், காலை ரேடியோவில் சென்னைத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதாகச் சொல்லியிருப்பார்கள். உடனே பாயும் மெஸ் மாடியில் ஒரு கறுப்பு வாளியை ஏற்றிவிடுவார். சென்னைக்கும் எங்களுக்கும் நடுவே நாலு மாவட்டம் தரை கிடக்கிறதே பாய் என்றால் கேட்க மாட்டார்.

"அலை ஏறிப்போச்சுன்னா பைலட் ஏற மாட்டான். பைலட் ஏறலைன்னா எந்தக் கப்பலும் அசையாது."

"பைலட்டு பிளேனுக்குத்தானே பாய்?"

"துறைமுகத்துல வழி காட்டுறவனுக்கும் அதான் தம்பி பேரு. அவன் சின்னப் படகுல வந்து, நூலேணி புடிச்சுக் கப்பல்ல ஏறணும். அலையில எப்படி ஏறுவான்? வெளியில இருந்து வர்ற கப்பலும் அப்படித்தான். ஊரு கண்ணுக்குத் தெரியும், உள்ள வர முடியாது. நங்கூரம் போட்டு நிக்க வேண்டியதுதான்."

எங்கள் வேனில் பைலட்டும் அவரே. ஆகவே அவரும் ஏறவில்லை.

இதற்கெல்லாம் நாங்கள் சண்டை போட்டிருக்க வேண்டாமா? போடவில்லை. கப்பல் சட்டத்தில் இன்னொரு ஷரத்து இருந்தது. வானிலையால் கப்பல் நின்றால் பயணிகளுக்குச் சாப்பாடு கப்பல் கம்பெனி பொறுப்பு! நின்ற இடத்திலேயே வேனுக்குள் பிரியாணி வரும், கத்தரிக்காய் பச்சடி வரும், கடைசியில் இனிப்பும் வரும். டிக்கெட்டும் அடுத்த ஞாயிறுக்குச் செல்லும். ஒரே டிக்கெட்டில் ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மூன்று மாதம் சாப்பிட்ட புண்ணியவான்கள் எங்களில் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பயணிகள் பதினெட்டு பேரும் தலையைத் தூக்கி மேகத்தைப் பார்ப்போம். விவசாயிகூட மழைக்கு அப்படி ஏங்கியிருக்க மாட்டான்.

ஒருநாள் மச்சான் வந்தார். நின்ற வேனுக்குள் பதினெட்டு பேர் எலும்பு கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"மாப்ள, போதும். வர்ற ஞாயித்துக்கெழம இந்த வண்டி ஒகேனக்கல் போயிட்டு வரணும். இல்லாட்டி திங்கக்கெழம ராயக்கோட்டைக்குத் தக்காளி ஏத்த ஓட்டிக்கிட்டுப் போயிருவேன். உனக்கும் வண்டிக்கும் அதோட சரி."

பாய் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். அவருக்கு வேன் போகும், எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே போகும்!

அந்த ஞாயிறு விடியும்போதே மழை கொட்டியது. பாய் பார்த்தால் தீர்ந்தது. எனவே மழையே பெய்யவில்லை என்று சாதிப்பதாக முடிவு செய்தோம். கம்பெனித் தார்ப்பாயைக் கொண்டுவந்து மெஸ் வாசலிலிருந்து வேன் கதவுவரை கட்டினோம். ரேடியோவிலிருந்து பேட்டரியை உருவினோம். தார்ப்பாய்க்கு அடியில் அவருக்கு மட்டும்தான் இடம். நாங்கள் வெளியே வரிசையாக நின்றோம்.

பாய் கதவைத் திறந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் தம்பி எல்லாரும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கீங்க?"

"குளிச்சிட்டு வந்தோம்லா பாய்," என்றான் சுடலைமுத்து.

"சட்டையோடயா?"

"அவசரம் பாய்."

"மேல தடதடன்னு என்ன சத்தம்?"

"கம்பெனி கம்ப்ரஸர்," என்றேன் நான்.

"மளே எல்லி பாய்? மளேனே இல்லா!" என்று நாராயணப்பா, மழையே இல்லை எனக் கன்னடத்தில் சத்தியம் செய்தான். அவன் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பாய் விரலை நீட்டி எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். பிறகு உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பதினெட்டு பெயரையும் கூப்பிட்டார். வண்டி கிளம்பிவிட்டது!

உத்தனப்பள்ளி தாண்டுவதற்குள் இரண்டு சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். பாயின் வாய் எதையோ ஓதிக்கொண்டே வந்தது. ஆனாலும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒகேனக்கல்லில் ஆறு செக்கச் செவேல் என்று பொங்கிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளம், பரிசல் விட மாட்டோம் என்று கயிறு கட்டி மறித்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா? துறைமுகம் மூடியாச்சு!" பாய் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சட்டப்படி வேனிலேயே பிரியாணி சாப்பிட்டோம். போன வண்டி திரும்பிவிட்டால் போதும், மச்சான் வாயைத் திறக்க முடியாது.

திரும்பும் வழியில் பாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மழை பெய்யுதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி?"

கியரை மாற்றிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"புயல்ல கப்பல் எத்தனை லேட்டா வந்தாலும், கரையில ஜனங்க மழையில நனைஞ்சுக்கிட்டு நிப்பாங்க, அவங்கவங்க ஆளுக்காக. பதினோரு வருஷம் அடுப்படி ஜன்னல் வழியாப் பாத்திருக்கேன். எனக்குன்னு ஒருத்தரும் வந்து நனைஞ்சதில்ல. காலையில கதவத் தொறக்கறேன், பதினெட்டு பேர் நிக்கறீங்க. அப்புறம் எப்படிப்பா கிளம்பாம இருக்க முடியும்?"

நாங்கள் நனைந்தது பிரியாணிக்காகத்தான். அதை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வண்டி ஓசூர் வந்து சேர்வதற்குள் அது உண்மையாகவும் இல்லாமல் போயிருந்தது.