பாம்பு கடித்தால் பேசக்கூடாது

என் மனைவியை ஒரே ஒரு மாலையாவது வாய் பேசாமல் உட்கார வைப்பது என்று முடிவு செய்தேன். மலையைப் பெயர்க்கிற வேலைதான். ஆனால் வேறு வழியில்லை. காரணம், மச்சான்.

மச்சான் என்றால் அவளுடைய தம்பி. டிரம்பெட் கற்றுக்கொள்ள ஆறு மாதம் எங்கள் வீட்டில் தங்கப் போகிறானாம். அதுவும் என் அறையில்! வீட்டில் எனக்கென்று இருப்பது அந்த அறை ஒன்றுதான். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மின்விசிறி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளை நம்பித்தான் நான் குடும்பமே நடத்துகிறேன்.

தனியாகக் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவேன். நாலு பேர் முன்னால் கேட்டால் எனக்கு வள்ளல் வேஷம் வந்துவிடும். அது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் மாடி வீட்டுப் பல் டாக்டரும், அவர் மனைவி கணக்கு டீச்சரும் பாம்பும் ஏணியும் விளையாட வருவதாக ஏற்பாடு.

"அவங்க வரட்டும்ங்க. தம்பி விஷயத்தை அப்பவே பேசி முடிச்சுடலாம்" என்று காலையிலேயே சிரித்தாள்.

பகல் முழுக்க யோசித்தேன். எங்கள் வீட்டுப் பாம்புகளுக்கு அவள்மேல் தனிப் பாசம். எப்போது ஆடினாலும் அவளைத்தான் முதலில் கடிக்கும். அது போதாதென்று பேனாவை எடுத்து, அட்டையில் காலியாக இருந்த கட்டங்களில் குட்டிப் பாம்புகளாக வரைந்து தள்ளினேன். நாலாம் கட்டத்துப் பாம்புக்கு வால் வைக்க இடமில்லை. மேஜையில் வரைந்துவிட்டேன்.

எல்லோரும் உட்கார்ந்ததும் தொண்டையைக் கனைத்தேன்.

"இன்னிக்குப் புது விதி. பாம்பு கடிச்சா செத்துட்டதா அர்த்தம். செத்தவங்க ஆட்டம் முடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

"ஐயையோ, விளக்கு வைக்கிற நேரத்துல என்ன சார் பேச்சு இது!" என்றார் டீச்சர்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்ற மனைவி, "முதல்ல நீங்களே போடுங்க" என்று பகடையை என்னிடம் நீட்டினாள்.

போட்டேன். நாலு.

நான் பெற்ற பாம்பே என்னைக் கடித்தது.

"இதை... இதை கணக்குல..." என்று ஆரம்பித்தேன்.

"உஷ்! செத்தவங்க பேசக்கூடாது" என்றாள் மனைவி.

சரி என்று சோபாவில் சாய்ந்தேன்.

"பிணம் சோபாலயா உட்காரும்? கீழே படுங்க."

படுத்தேன். தரை சில்லென்று இருந்தது. டாக்டர் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"நல்ல மனுஷன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினப்பகூட சத்தமே போடலை."

"இருந்த வரைக்கும் நல்லவர்தான் டாக்டர்" என்றாள் என் மனைவி. "ஈரத் துண்டைக் கட்டில்ல போடுவார், அதைத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது. இனிமே அதுவும் இல்லை."

மூக்கை வேறு உறிஞ்சினாள்! டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசைத் தேத்திக்கோங்க. துணைக்கு யாராவது இருக்காங்களா?"

"தம்பி ஒருத்தன் இருக்கான்."

"அப்புறம் என்ன? வரச் சொல்லுங்க!"

"தங்க ஒரு ரூம் வேணுமே, டீச்சர்."

"சார் ரூம் காலியாத்தானே கிடக்கு?"

அடிப்பாவி! இரண்டு கையையும் வீசினேன். காலால் தரையை உதைத்தேன்.

"என்னங்க, ஆடுது!" என்று அலறினார் டீச்சர்.

"நரம்பு" என்றார் டாக்டர், பகடையை உருட்டிக்கொண்டே. "கொஞ்ச நேரம் இழுக்கும். தானா அடங்கிடும்."

ஊருக்கெல்லாம் ஆயுள் காப்பீடு விற்கிறவன் நான். இவ்வளவு சுருக்கமாக ஒருத்தர் கதையை முடித்து நான் பார்த்ததே இல்லை. ஆட்டம் முடிந்தாலாவது பேசலாம் என்று பார்த்தால், காய்களெல்லாம் ஆமை வேகத்தில் நகர்ந்தன.

"அவர் மனசுல என்ன இருந்துச்சோ தெரியலையே" என்று இழுத்தாள் மனைவி.

"தங்கமான மனுஷன்மா. இருந்திருந்தா, நானே போய்க் கூட்டிட்டு வரேன்னு கிளம்பியிருப்பார்" என்றார் டாக்டர்.

அவள் போனை எடுத்தாள்.

"டேய் தம்பி, ரூம் ரெடி. மாமா சம்மதம்தான். வாயே திறக்கலை."

போதும்! விதியாவது வெங்காயமாவது! துள்ளி எழுந்தேன்.

"நான் சாகலை! உயிரோடதான் இருக்கேன்! கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்!"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லவேளை, பொழைச்சுட்டீங்க. ஸ்டேஷன்ல மூணு பெட்டியோட நிக்கறானாம், யாரை அனுப்பறதுன்னுதான் முழிச்சிட்டிருந்தேன்."